ஆறாயிரத்து இருநூறு அடிக்குப் பூட்டிய இஞ்சின்

செல்லசாமியின் கை சும்மா இராது. இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே வேங்கைமலைத் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் 1946 முதல் 1955 வரை அவர் இஞ்சின்காரராக இருந்தார். அந்த ஒன்பது வருடமும் நான் அங்கே கிளாக்கராக இருந்தேன். என் மேசையில் வந்து நின்று பேசும்போதுகூட மைக்கூட்டின் மூடியைத் திருகிக்கொண்டுதான் பேசுவார். அலுவலகச் சுவர்க்கடிகாரம் நாளொன்றுக்கு நாலு நிமிடம் பிந்தி ஓடியது. ஒருநாள் நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அது சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அவரைக் கேட்டேன். "சும்மா பாத்தேங்க, ஐயா" என்றார்.

எதைச் சரிசெய்தாலும் கடைசியில் ஒரு துண்டுக் கம்பியால் கட்டி, குறட்டால் மூன்று முறுக்கு முறுக்கிவிடுவார். கொழுந்து உருட்டும் இயந்திரங்களின் அதிர்ச்சியில் அந்தக் கட்டடத்தில் எந்த ஆணியும் ஒரு வாரம் இறுக்கமாக இருந்ததில்லை. ஆகவே அங்கே அது தேவையான பழக்கம்தான்.

தோட்டத்துத் துரைக்கு இந்தக் கை பிடிக்கவில்லை. 1951 ஆகஸ்டில் செல்லசாமி யாரையும் கேட்காமல், தேயிலை உலர்த்தும் டிரையரின் காற்றாடிக்குப் பெரிய சக்கரம் மாட்டினார். தூள் நன்றாகவே வந்தது. ஆனாலும் முதல் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. 1953 டிசம்பரில், அலுவலக வாசலில் நின்ற துரையின் காரைத் திறந்து கார்புரேட்டர் ஆணியைக் கால் சுற்று திருப்பினார். கார் முன்னைவிட நன்றாக மலையேறியது. இரண்டாவது கடிதம் வந்தது. இரண்டையும் தட்டச்சு செய்தது நான்தான். ஒப்படைக்கப்படாத இயந்திரத்தில் இன்னொரு முறை கைவைத்தால் பெயர் வெட்டப்படும் என்று இரண்டாவது கடிதம் முடிந்தது. பெயர் வெட்டினால் வேலை மட்டும் போகாது. தோட்டம் கொடுத்த வரிசைவீட்டு அறையான லயத்துக் காம்பிராவும் போகும். அதில் அவரும் மனைவி நாகலெட்சுமியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள்.

1955 பெப்ரவரி 7, திங்கட்கிழமை, நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடலில் ஒரு சிறிய விமானம் வந்து இறங்கியது. இரட்டை இறக்கை, ஒற்றை இஞ்சின். தேயிலையில் பரவியிருந்த கொப்புள நோய்க்கு ஆகாயத்திலிருந்து செப்பு மருந்து தெளித்துப் பார்ப்பதற்காக எங்கள் துரையும் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் இருவரும் சேர்ந்து கொழும்பிலிருந்த ஒரு கம்பனியிடம் அமர்த்தியது. எந்த நேரம் ஏறியது, எத்தனை கலன் மருந்து, எந்த மலை என்று எழுதி வைப்பது என் வேலை. மலை உச்சிகளில் வெள்ளைக் கொடி பிடித்து நிற்க எங்கள் பெண்கள் பன்னிரண்டு பேர் போனார்கள். விமானத்தோடு வந்த கம்பனி மெக்கானிக் அன்று மாலையே காய்ச்சலில் விழுந்து, மறுநாள் ரயிலேறிப் போய்விட்டார். தினமும் பிளக் கழற்றித் துடைக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். துரை வேறு வழியில்லாமல் செல்லசாமியை அனுப்பினார். அனுப்பும்போது, "பிளக் மட்டும்" என்று தமிழிலேயே இரண்டு தடவை சொன்னார்.

விமானி பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்தவர், முப்பத்தாறு வயது. இரண்டாம் நாள் மாலை பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார்கள்.

"என்னடாப்பா இது, கரிச்சட்டி மாதிரிக் கிடக்குது."

"அஜீரணம்ங்க, ஐயா. இந்தக் காத்துக்கு இது அளவு மீறித் திங்கிது" என்றார் செல்லசாமி.

அவர் சொன்னது சரி. பந்தயத் திடல் கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரத்து இருநூறு அடி. அங்கே காற்று மெலிது. காற்று குறைந்தாலும் கார்புரேட்டர் கொழும்பில் விட்ட அளவு பெற்றோலையே விட்டுக்கொண்டிருந்தது. பெற்றோல் மிஞ்சிக் கரியாகியது, இஞ்சின் வலு இழந்தது. முப்பது கலன் மருந்து ஏற்ற வேண்டிய விமானம் பதினைந்து கலனோடு ஏரிக்கரை மரங்களை மயிரிழையில் தாண்டியது. பெற்றோல் அளவைக் குறைக்க விமானியின் பக்கத்தில் தனியாக ஒரு பிடி உண்டு. விமானம் ஓட்டப் பழகுபவர்கள் அதை வேண்டாத நேரத்தில் இழுத்துவிடுகிறார்கள் என்று கம்பனி அதை முழு அளவில் வைத்து, இஞ்சின் பக்கத்திலேயே கம்பி கட்டி முத்திரை வைத்திருந்தது.

"அதை அசைச்சாச் சரி வரும் எண்டு எனக்கும் தெரியும்" என்றார் பேரின்பநாயகம். "ஆனா கொழும்பிலையிருந்து எஞ்சினியர் வந்துதான் கம்பியை அறுக்கவேணும். தந்தி அடிச்சிட்டன். நீர் பிளக்கை மட்டும் துடையும்."

"தொடக்கிறேங்க."

எஞ்சினியர் வரவில்லை. ஒன்பதாம் தேதி புதன்கிழமை மாலை, விமானி ஹோட்டலுக்குப் போன பின், காவலாள் தேத்தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில், செல்லசாமி கம்பியை அறுத்தார். பிடியோடு சேர்ந்த இஞ்சின் பக்கத்துக் கையை, பெற்றோல் குறையும்படி, பற்சட்டத்தில் மூன்று பல் நகர்த்தினார். மறுநாள் காலை இஞ்சின் ஓடுவதைக் காதால் கேட்டு, மாலையில் இன்னும் ஒரு பல் நகர்த்தினார். பிறகு தொழிற்சாலைக் கம்பியால் கட்டி, மூன்று முறுக்கு முறுக்கி, பழையதுபோலத் தெரிய அதன்மேல் கரியையும் கிரீஸையும் பூசினார்.

வெள்ளிக்கிழமை விமானம் இருபத்தாறு கலனோடு ஏறியது.

"உம்மட கையில என்ன மருந்து, செல்லசாமி? இண்டைக்குக் குதிரை மாதிரி இழுக்குது!"

"பிளக்க நல்லா தொடச்சேங்க."

நான் புத்தகத்தில் "26 கலன், பிளக் சுத்தம்" என்று எழுதினேன். எனக்கு அப்போது உண்மை தெரியாது. நாகலெட்சுமிக்கு மட்டும் தெரிந்திருந்தது. அன்றிரவு தன் வீட்டில் நடந்த பேச்சை அவர் பின்னால் எனக்குச் சொன்னார்.

"கட்டி வச்ச கம்பிய அறுத்தீங்களா? நம்ம பேர அறுத்த மாதிரிதான்."

"இஞ்சினு ஓடுதுல்ல?"

"இஞ்சினு ஓடும். நாம எங்க ஓடுறது?"

அதற்குப் பிறகு எட்டு நாளும் செல்லசாமி நிலைகொள்ளவில்லை. விமானி இஞ்சின் மூடியைத் தொட்டால் ஓடிவந்து நடுவில் நிற்பார். துரையின் கார் திடலுக்குள் வந்தால் இறக்கையின் அந்தப் பக்கம் போய்விடுவார். கட்டிய கம்பியைத் தினமும் நாலைந்து தடவை தொட்டுப் பார்ப்பார். ஆனால் இஞ்சின் ஓடத் தொடங்கும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

பதினெட்டாம் தேதி தெளிப்பு முடிந்தது. மொத்தம் 61 ஏற்றம். மருந்துத் தொட்டியைக் கழற்றி லொறியில் அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் முன் இருக்கையைப் பூட்டினார்கள். பேரின்பநாயகம் நேரே துரையிடம் போய், இந்த ஆளை ஒரு நாள் கொழும்புக்குக் கூட்டிப்போய்க் கம்பனியில் காட்ட வேண்டும் என்று கேட்டார். துரைக்கும் மனம் இளகியிருந்தது. சரி என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செல்லசாமி 1919இல் அதே தோட்டத்தில் பிறந்தவர். தன் வாழ்நாளில் அவர் இறங்கிய மிகத் தாழ்ந்த இடம் தலவாக்கலை. அவர் கை பட்ட இயந்திரம் எதுவும் மலையை விட்டு இறங்கியதில்லை. தொழிற்சாலை இஞ்சின் கொங்கிரீட்டில் பதித்தது. தோட்டத்து லொறி நானுஓயா ரயில் நிலையத்தோடு திரும்பிவிடும். ஒரு தடவை சரியாக வைத்தால் அது சரியாகவே இருக்கும். அதுதான் அவர் அறிந்த உலகம். விமானம் கீழே போகப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். தான் வைத்த அளவும் அதோடு கீழே போகிறது என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. "சரியா வச்சத எதுக்குங்க மறுபடி கெடுக்கணும்?" என்றுதான் பின்னால் என்னிடம் கேட்டார்.

பெப்ரவரி 19, சனிக்கிழமை, காலை 7.12. புல்லில் உறைபனி. செல்லசாமி நாகலெட்சுமியின் கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு முன் இருக்கையில் ஏறினார். இருவரும் பேசிக்கொள்ள ரப்பர் குழாய் ஒன்று இருந்தது. விமானம் எண்ணாயிரம் அடிக்கு ஏறி மேற்கே திரும்பி மறைந்தது. அதற்குப் பின் நடந்ததை நான் இருவரிடமும் தனித்தனியே கேட்டு எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாத இடம் ஒன்றுதான்.

வட்டகொடை, தலவாக்கலை, அட்டன் வரை ஒன்றுமில்லை. செல்லசாமி கீழே தெரிந்த ஒவ்வொரு தொழிற்சாலையின் புகைக்குழாயையும் பார்த்து, அடுப்பில் ஈரவிறகு போடுகிறார்கள் என்று குழாயில் குறை சொல்லிக்கொண்டே போனார். அட்டனைத் தாண்டி இறங்கத் தொடங்கினார்கள். உயரமானி ஐயாயிரத்துக்குக் கீழே வந்ததும் இஞ்சின் ஒரு தடவை இருமியது. நாலாயிரத்தில் தொடர்ந்து இருமியது.

"பெற்றோலிலை தண்ணி கலந்திட்டுதோ?" என்றார் விமானி.

செல்லசாமி காதைக் கொடுத்துக் கேட்டார். இருமல் புகைக்குழாய்ப் பக்கமிருந்து வரவில்லை, காற்று போகும் வாய்ப் பக்கமிருந்து வந்தது. கரி பிடித்த இஞ்சின் அப்படி இருமாது. இது பசி இருமல். அவர் சொன்ன வார்த்தை அது. அந்த நொடியில் எல்லாம் விளங்கியது. கீழே காற்று கனத்துக்கொண்டே வருகிறது. பெற்றோல் அளவு மேலே கட்டியபடி இருக்கிறது.

விமானி இஞ்சின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். கூட்டினால் நின்றுவிடப் போனது. குறைத்தால் சற்று அமைதியாக ஓடியது, ஆனால் விமானம் இறங்கியது. கீழே கினிகத்தேனைக்கு அப்பால் செங்குத்தான காடு, அதற்கப்பால் ரப்பர். கால் வைக்கத் தட்டையான இடம் ஒன்றில்லை.

செல்லசாமிக்கு அப்போது முதலில் தோன்றியது துரையின் கடிதம்தான். அதை அவர் மறைக்காமல் என்னிடம் சொன்னார். சொல்லாமல் இருந்தால் தண்ணீர் என்றே போய்விடும், எப்படியாவது இறங்கிவிடலாம், அங்கே யாரும் பார்க்காமல் கம்பியை அவிழ்த்துவிடலாம். இப்படி நினைத்தபடி எவ்வளவு நேரம் இருந்தார் என்று கேட்டேன். "நூறு எண்ணுற நேரம் இருக்கும்ங்க" என்றார். உயரம் மூவாயிரத்து நானூறு ஆனபோது குழாயை வாயில் வைத்தார்.

"ஐயா, அது நாந்தாங்க."

"என்ன நீர்தான்?"

"கம்பிய அறுத்தது. ஒம்பதாந் தேதி சாயங்காலம். அளவ கொறச்சுக் கட்டிட்டேன். அது மேல ஓடறதுக்கு வச்ச அளவுங்க."



"உம்மை நான் நிலத்திலை இறக்கிப்போட்டுத்தான் கொல்லுவன்."

"மொதல்ல எறக்குங்க, ஐயா."

விமானி தன் பக்கத்துப் பிடியை இழுத்துப் பார்த்தார். தொழிற்சாலைக் கட்டு அசையவில்லை. திரும்பி மேலே ஏறலாம் என்றால் ஏறுகிற வலு இல்லை. செல்லசாமி சால்வையை வாயில் கடித்துக்கொண்டு யோசித்தார். இஞ்சினுக்கு அதிகப் பெற்றோல் கொடுக்க வழியில்லை. அப்படியானால் காற்றைத்தான் குறைக்க வேண்டும். டிரையர் ஞாபகம் வந்தது. அடுப்பு மூட்டாத காலையில் அதன் காற்றாடியை ஓட்டினால் வார்ப்பட்டை கனத்து முனகும். அடுப்புச் சூடேறியதும் அதே காற்றாடி லேசாகச் சுற்றும். சூட்டுக் காற்று மெலிது, மலைக்காற்றைப் போல.

புகைக்குழாயைச் சுற்றியிருந்த தகரக் கூட்டை அவர் பதினொரு நாளும் சுரண்டித் துடைத்தவர். அங்கிருந்து கார்புரேட்டருக்கு ஒரு குழாய் போவதும், நடுவில் ஒரு மூடி இருப்பதும் அவருக்குத் தெரியும். குளிர் நாடுகளில் கார்புரேட்டரில் பனி பிடித்தால் திறப்பதற்காக வைத்தது. கொழும்பில் அதை யாரும் தொட்டதில்லை.

"ஐயா, சூட்டுக் காத்த தொறந்து விடுங்க!"

"பனி எங்கை ஐசே இஞ்சை? வேர்த்து ஊத்துது!"

"பனிக்கில்லீங்க. சூடான காத்து மெல்லிசுங்க. இஞ்சினு இன்னும் நுவரெலியாவுலதான் இருக்கோம்னு நெனச்சிக்கும்!"

பேரின்பநாயகம் இயக்கத் தண்டை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, அந்த மூடியைத் திறக்கும் துருப்பிடித்த குமிழை இரண்டு கையாலும் இழுத்தார். மூன்றாவது இழுப்பில் வந்தது. இருமல் உடனே நிற்கவில்லை. பதினைந்து இருபது தடவை இருமி, இடைவெளி விட்டு, பிறகு ஒரே சத்தமாக ஓடியது. வலு முழுதாக இல்லை. ஆனாலும் உயரம் குறையாமல் பறந்தது. அப்போது எவ்வளவு உயரம் என்பதில்தான் இருவரும் ஒத்துப்போகவில்லை. பேரின்பநாயகம் ஆயிரத்து இருநூறு அடி என்றார். ரப்பர் மரத்தில் பால் வழியும் சிரட்டையைப் பார்த்தேன் என்றார் செல்லசாமி. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

8.14க்குக் கொழும்பின் இரத்மலானை விமான நிலையத்தில் இறங்கினார்கள். இஞ்சினைத் திறந்தபோது இரண்டு வால்வுகள் வெந்து வெளுத்திருந்தன. பேரின்பநாயகம் விமானத்தின் பதிவுப் புத்தகத்தை விரித்துப் பேனாவைத் திறந்தாராம்.

"தண்ணி எண்டு எழுதலாம்" என்றார். "எழுதினா நாளைக்கு இன்னொருத்தன் இந்தக் கம்பியோடை பறப்பான்."

"உள்ளத எழுதுங்க, ஐயா."

உள்ளதை எழுதினார். கம்பனியில் வேலைக்குக் கேட்டுப் பார்க்கவும் செய்தார். அவர்கள் முதலில் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள். தோட்டத் தமிழர்கள் 1948இன் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, அதற்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்த காலம். செல்லசாமி 1951இல் போட்ட விண்ணப்பத்துக்கு அதுவரை பதில் வரவில்லை. மறுநாள் ரயிலேறித் திரும்பினார். மலையேறும்போது ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி, பெயர்ப்பலகையில் எழுதியிருந்த உயரத்தைப் பயணச்சீட்டுக்குப் பின்னால் குறித்துக்கொண்டார். நாவலப்பிட்டி 1,913. அட்டன் 4,141. நானுஓயா 5,291. அட்டனில் அதற்காக இறங்கியவரை விட்டுவிட்டு வண்டி புறப்பட்டுவிட, ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டாராம்.

பெப்ரவரி 28 திங்கட்கிழமை கம்பனியிலிருந்து ஓர் உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, அனுமதியில்லாத ஆள் முத்திரையை அறுத்ததைப் பற்றிய முறைப்பாடு. மற்றது, அடுத்த மலைத் தெளிப்புக்குத் தேவைப்படுவதால் அவர் பிடியை எத்தனை பல் நகர்த்தினார் என்று தெரிவிக்கும்படி வேண்டுகோள். துரை இரண்டையும் படித்தார். செல்லசாமியை அழைத்து மேசைக்கு முன் நிறுத்தி, மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு, செல்லசாமி."

"ஆமாங்க, துரை."

"எத்தனை பல்லு?"

"நாலுங்க."

துரை என்னைப் பார்த்து, இரண்டுக்கும் பதில் எழுதச் சொன்னார். பெயர் வெட்டிய கடிதத்தையும் நாலு பல் என்ற கடிதத்தையும் ஒரே காலையில் தட்டச்சு செய்தேன். மார்ச் 31இல் காம்பிராவைக் காலி செய்தார்கள். பாத்திரங்களை லொறியில் ஏற்றும்போது நாகலெட்சுமி, "ஆகாசத்துல போயி எறங்குனவரு, எங்கள ரோட்டுல எறக்கிட்டாரு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். செல்லசாமி லொறியின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்டனில் ஒரு கராஜில் வேலை கிடைத்தது. பின்பக்கத்தில் ஓர் அறையும் கொடுத்தார்கள். அட்டன் நடு உயரம். அங்கிருந்து லொறிகள் நுவரெலியாவுக்கு ஏறும், அவிசாவளைக்கு இறங்கும். செல்லசாமி எந்த லொறியைத் தொடும் முன்பும் எங்கே போகிறாய் என்று கேட்பார். பதில் சொல்லாதவன் வண்டியைத் தொடமாட்டார். "இவரு மெக்கானிக்கா, பொலிசா?" என்று ஓட்டுநர்கள் சிரிப்பார்கள்.

1962 ஜூலையில் நான் அவரைப் பார்க்கப் போனேன். ஆள் இல்லை. கினிகத்தேனைக்குப் பஸ்ஸில் போயிருப்பதாகச் சொன்னார்கள். காலையில் மூக்கன் என்ற லொறிக்காரன், மலைமேல் அக்கரப்பத்தனைக்குத்தான், ஒரு மாதத்துக்கு மலையிலேயே ஓட்டம் என்று சொல்லி, அதற்கேற்றபடி செல்லசாமியிடம் இஞ்சினைச் சரிசெய்து வாங்கியிருக்கிறான். பத்து மணிக்கு அவனுக்குக் கொழும்புக்கு ஒரு சுமை கிடைத்து, ஒருவரிடமும் சொல்லாமல் இறங்கிவிட்டான். செல்லசாமி அதைக் கேள்விப்பட்டதும் கையில் ஒரு திருப்புளியோடு அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கிறார். நானும் அடுத்த பஸ்ஸில் போனேன்.

கீழே இறங்கும் லொறிகளெல்லாம் நின்று போகும் தேத்தண்ணீர்க் கடை வாசலில் மூக்கனின் லொறி நின்றது. செல்லசாமியின் தலை இஞ்சினுக்குள் இருந்தது. மூக்கன் கையில் கோப்பையோடு கத்திக்கொண்டிருந்தான்.

"லொறி என்ன ஆகாசத்துலயா போகுது, அண்ணே? நின்னா ஓரமா நிப்பாட்டிட்டு வேற ஆள கூப்புடுறேன்! இதுக்குப் போயி பஸ் ஏறி வருவாங்களா?"

"வாய மூடிக்கிட்டு ஸ்டார்ட் பண்ணு."

மூக்கன் ஏறி முடுக்கினான். செல்லசாமி கண்ணை மூடிக் கேட்டார். ஆணியை இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"சரி போ. திரும்பி வர்றப்போ அட்டன்ல நிப்பாட்டு. நிப்பாட்டாம ஏறிப் போனேன்னு தெரிஞ்சுது, அக்கரப்பத்தனைக்கே வந்துருவேன்."

"வந்து தொலைப்பீங்க, தெரியும்" என்றான் மூக்கன்.